பேரைச் சொல், பதிலுக்கு நில்!

(திருச்சி உறையூரில் இளைஞர்கள் கூட்டிய மாலை நேரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராப் பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று இங்குள்ள தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேள்விப்பட்ட மூத்த தோழர் ஒருவர், "ஏம்ப்பா, இயக்க மேடையில் இதெல்லாம் எதுக்கு? கையை ஆட்டிக்கிட்டு வேகமா பேசுறதுதானே அது?" என்று கேட்டார். அவர் இன்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நியாயமான கேள்விதான் அது. அவருக்குப் பதில் சொல்வதாகவே இந்தப் பேச்சை அமைத்துக்கொள்கிறேன்.

நான் 2006இல் இந்தத் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது பாட்டு கேட்பது இன்றைக்குப் போல சுலபமில்லை. சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் காசு கொடுத்தால் நாம் கேட்கிற பாட்டையெல்லாம் ஒரே சிடியில் எழுதித் தருவார்கள். விடுதியில் வசதியான பையன் ஒருவனிடம் மெமரி கார்டு போட்ட செல்போன் இருக்கும். அவன் அறைக்குப் போய் புளூடூத்தில் ஒவ்வொரு பாட்டாக வாங்குவோம். ஒரு பாட்டு வந்து சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அப்படி வந்து சேர்ந்ததுதான் மலேசியாவின் யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் மூவரும் 'யோகி பி & நட்சத்ரா' என்ற பேரில் அதே 2006இல் வெளியிட்ட 'வல்லவன்'.

அதற்கு முன்னால் தமிழில் ராப் இல்லையா என்றால், இருந்தது. 1994இல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்து தெருவெல்லாம் ஒலித்தது. ஆனால் அது சினிமாப் பாட்டு. ஒருவர் எழுத, ஒருவர் இசையமைக்க, சிலர் பாட, திரையில் வேறொருவர் ஆடுவார். 'வல்லவன்' அப்படி இல்லை. எழுதியவனே பாடினான். பாட்டுக்கு நடுவில் தன் பேரைத் தானே சொன்னான். இன்ன ஆள் நான், இன்ன இடத்திலிருந்து வருகிறேன் என்றான். எங்களைப் பிடித்து இழுத்தது மெட்டைவிட அந்தத் தோரணைதான். தமிழில் ஒருவன் சினிமாக்காரனின் தயவில்லாமல், கதாநாயகனின் வாயை இரவல் வாங்காமல், தன் பேரைச் சொல்லிக்கொண்டு பாட்டுக்குள் வரலாம் என்று அப்போதுதான் கண்டோம்.

அந்த ஆல்பத்தில் பெரிய பேர் வாங்கிய பாட்டு 'மடை திறந்து'. 1980இல் 'நிழல்கள்' படத்தில் வந்த பாட்டை எடுத்து, அதன் மேல் ராப்பை ஏற்றியிருந்தார்கள். இந்தப் பாட்டு யார் யார் கையைத் தாண்டி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். மூலப்பாட்டை எழுதிய வாலி, காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தாறு வருடம் கழித்து அதை எடுத்துத் தன் பாட்டாக ஆக்கியவர்கள் கடல் கடந்த மலேசியத் தமிழ் இளைஞர்கள். அந்த மலேசியத் தமிழரில் பெரும்பகுதியினரின் முன்னோர் திருச்சி, தஞ்சை, சேலம் என்று இந்த மாவட்டங்களிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்கள். இங்கிருந்து கப்பலேறிய சனத்தின் பேரப்பிள்ளைகள் காலத்தில், பாட்டு இந்த ஊருக்கே திரும்பி வந்தது. வரும்போது "என் பேரைக் கேட்டுக்கோ" என்ற தோரணையையும் கொண்டு வந்தது.

இந்தப் பேர் சொல்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று மூத்த தோழர் கேட்கலாம். நம் பக்கத்தில் ஒரு ஆளைப் பார்த்தவுடன் கேட்கிற கேள்வி என்ன? "தம்பிக்கு எந்த ஊரு?" ஊரைச் சொன்னால் அடுத்தது, "அங்க எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் கேள்வி அதோடு நின்றுவிடும். அவர்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. கோயிலை ஒட்டிய வீதிகளில் வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் தெரியும். "சைவம்தானே?" என்று ஆரம்பிப்பார்கள். சாப்பாட்டைக் கேட்பது போலச் சாதியைக் கேட்கிற நாசூக்கு அது. என்னோடு படித்த சேரிப் பையன்கள் கல்லூரியில் தெருப் பேரைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்திலுள்ள பேருந்து நிறுத்தத்தின் பேரைச் சொல்வார்கள். பேரைக் கேட்டால் பாதிப் பேரைச் சொல்லி நிறுத்துவார்கள்.

அப்படிப்பட்ட பையன்களின் காதில், அமெரிக்கக் கறுப்பின இளைஞன் ஒருவன் தன் தெருவின் பேரை உரக்கச் சொல்கிற பாட்டு விழுந்தால் எப்படி இருக்கும்? ஹிப்ஹாப் பிறந்த நாளென்று 1973 ஆகஸ்ட் 11ஐச் சொல்வார்கள். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் அடுக்ககத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை டிஜே கூல் ஹெர்க் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய நாள் அது. ஒரு கலை பிறந்த இடத்தைக் கதவிலக்கத்தோடு சொல்கிறார்கள், பாருங்கள். பின்னால் வந்த நாஸ் வளர்ந்தது குயின்ஸ்பிரிட்ஜ். ஜே-சி வளர்ந்தது புரூக்ளினில் மார்சி. இரண்டுமே அரசு கட்டிக்கொடுத்த ஏழைகளின் குடியிருப்புகள். நம்ம ஊர்க் கணக்கில் குடிசை மாற்று வாரிய வீடுகள். நகரம் எந்தப் பேரைக் கேட்டு முகம் சுளித்ததோ, அதே பேரை அவர்கள் உலகம் முழுக்க மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இங்கிலீஷ் பாதி புரியாது எங்களுக்கு. ஆனால் ஒருவன் தன் தெருவை மறைக்கவில்லை என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

அதே காலத்தில் லண்டனிலிருந்து ஈழத்தமிழ்ப் பெண் ஒருவர் வந்தார். எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம். 2005இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பேர் 'அருளர்'. அது அவருடைய தந்தையின் இயக்கப் பேர். 2007இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'கலா', தாயின் பேர். இந்தப் பேர் வைக்கிற பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

இனி போட்டிக்கு வருவோம். ராப் என்றால் சண்டையும் சேர்ந்ததுதான். விடுதியில் நாங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தோம். டூபாக் கட்சி, பிக்கி கட்சி. அந்தப் போட்டியின் முடிவு உங்களுக்குத் தெரியும். 1996 செப்டம்பரில் டூபாக்கும் 1997 மார்ச்சில் பிக்கியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கு வயது 25, இன்னொருவருக்கு 24. பாட்டில் நின்றிருக்க வேண்டிய பகை துப்பாக்கிக்குப் போனால் என்ன மிச்சம் என்பதற்கு அந்த இரண்டு சாவுகளும் சாட்சி. அதற்கு மாறாக, நாஸும் ஜே-சியும் 2001இல் ஒருவரை ஒருவர் பாட்டால் கிழித்தெடுத்தார்கள். 2005 அக்டோபரில், 'போர் அறிவிக்கிறேன்' என்ற பொருள்பட ஜே-சி பேர் வைத்து நடத்திய கச்சேரியில், அவர் நாஸை மேடைக்கு அழைத்துக் கைகுலுக்கினார். 2024இல் கென்ட்ரிக் லமாரும் டிரேக்கும் மாறி மாறிப் பாடியதை நீங்களெல்லாம் நேரலை போலப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டையில் பிறந்த ஒரு பாட்டு அடுத்த ஆண்டு ஐந்து கிராமி விருதுகளை வாங்கியது.

இது அமெரிக்கச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் காவிரிப் படுகையில் மாசி மாதம் காமன் பண்டிகை வந்தால் லாவணி நடக்கும். மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்து நம் ஊர்க் கலையாகவே ஆகிவிட்டது. கையில் தேப்பும் துந்தினாவும் வைத்துக்கொண்டு இரண்டு கட்சி எதிரெதிரே உட்காரும். மன்மதன் எரிந்தான் என்று பாடுவது எரிந்த கட்சி. எரியவில்லை என்று பாடுவது எரியாத கட்சி. ஒருவர் கேள்வியைப் பாட்டாக வைப்பார். மற்றவர் அந்த இடத்திலேயே பாட்டைக் கட்டிப் பதில் சொல்ல வேண்டும். இழுத்து வளர்க்கிற விவாதத்தை இன்றும் "லாவணி பாடாதே" என்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான். பெரியவர்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட அந்த எதிர்ப்பாட்டைத்தான் இவர்கள் இன்று பீட் போட்டுச் செய்கிறார்கள்.

லாவணிக்கும் ராப் போட்டிக்கும் பொதுவான ஒரு விதி இருக்கிறது. இருவருக்கும் ஒரே தாளம். இருவருக்கும் சமமான நேரம். ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்டே ஆக வேண்டும். முடிந்ததும் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதாவது, எதிரே நிற்பவனை உனக்குச் சமமான ஆள் என்று ஒப்புக்கொண்டால்தான் போட்டியே தொடங்கும். என்னதான் அவனைத் திட்டினாலும், திட்டுவதற்கு முன்பே அவனை மனிதனாக மதித்தாயிற்று.

சாதி இதைச் செய்யாது. சாதி நம்மோடு போட்டிக்கு வந்ததே இல்லை. செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தவனிடம் யாரும் வாதம் செய்யவில்லை, கழற்றச் சொல்லி அடித்தார்கள். கோயிலுக்குள் ஏன் வரக்கூடாது என்று கேட்டவனுக்கு யாரும் பதில் தரவில்லை, "அது வழக்கம்" என்றார்கள். வழக்கம் என்ற சொல் பதில் சொல்ல மறுப்பதற்காகவே கண்டுபிடித்த சொல். பெரியார் தன் கூட்டங்களில் துண்டுச் சீட்டில் வந்த கேள்விகளைப் படித்துப் பதில் சொன்னார். எதிர்க்கருத்துக்காரன் எழுந்து கேட்கலாம் என்றார். அந்தப் பெரியாரின் சிலையை 2006 டிசம்பரில் ஸ்ரீரங்கத்தில் இராசகோபுரத்துக்கு எதிரே வைக்கப் போனபோது, திறப்பதற்கு முன்பே உடைத்தார்கள். பதிலுக்கு ஒரு வாதம் வரவில்லை, ஒரு கேள்வி வரவில்லை. கடப்பாரைதான் வந்தது. அதே மாதத்திலேயே சிலை திறக்கப்பட்டது, இன்றும் அங்கே நிற்கிறது என்பது வேறு கதை.

மூத்த தோழருக்கு என் முதல் பதில் இதுதான். பதிலுக்குப் பதில் நின்று பாடுவது என்பது சமத்துவப் பயிற்சி. சாதி மறுக்கிற அந்த எதிரெதிர் நிலையை ஒரு மைக்கும் ஒரு தாளமும் சில நிமிடங்களுக்காவது உண்டாக்கிவிடுகின்றன.

இரண்டாவது பதில் பேரைப் பற்றியது. அதற்கு நாம் இப்போது கூடியிருக்கிற இந்த உறையூருக்கே வர வேண்டும். திருப்பாணாழ்வார் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. கதை உங்களுக்குத் தெரியும். பாணர் குலத்தவர், தீண்டப்படாதவர். கோயில் இருக்கும் தீவில் கால் வைக்கத் தகுதியில்லை என்று காவிரியின் இக்கரையில் நின்று யாழ் மீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொன்னார். பாட்டில் லயித்திருந்தவர் விலகவில்லை. கல்லால் அடித்தார். இரத்தம் வந்தது. பிறகு அரங்கன் கனவில் வந்து கட்டளையிட, அதே லோகசாரங்கர் பாணரைத் தோளில் சுமந்துகொண்டு போனார். உள்ளே போன பாணர் பத்துப் பாட்டுப் பாடி இறைவனோடு கலந்துவிட்டார், திரும்பி வரவில்லை.

இந்தக் கதையைச் சமத்துவக் கதையாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டுகள் இன்றும் கோயிலில் ஓதப்படுவதை எடுத்துக் காட்டுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பாட்டுக்காரரின் பேர் என்ன?

யாருக்கும் தெரியாது. பாணர் குலம், அதனால் பாணாழ்வார். சாதியின் பேரே அவர் பேர். முனிவர் சுமந்ததால் முனிவாகனர் என்று இன்னொரு பேரும் உண்டு. அதிலும் சுமந்தவரின் பெருமைதான் தூக்கலாகத் தெரிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆழ்வார்களில் நம்மாழ்வார், பெரியாழ்வார், ஆண்டாள், திருமங்கையாழ்வார் என்று பலரும் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பேரையும் ஊரையும் பதித்து வைப்பார்கள். குருகூர்ச் சடகோபன் என்றும் வில்லிபுத்தூர்க் கோதை என்றும் முத்திரை விழும். ராப் பாடுகிறவன் செய்வதும் அதேதான், பேரும் ஊரும். உறையூர்ப் பாணரின் பத்துப் பாட்டிலோ அப்படி ஒரு முத்திரை இல்லை. முதலாழ்வார்களின் பாட்டிலும் முத்திரை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவர்களை யாரும் சாதிப் பேரால் கூப்பிடுவதில்லை. போதாக்குறைக்கு, அவர் பாணருக்குப் பிறந்தவரே இல்லை, நெல்வயலில் கிடைத்த தெய்வக் குழந்தையைப் பாணர் எடுத்து வளர்த்தார் என்று ஒரு கதையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாட்டு வேண்டும், பாடிய உடம்பு வேண்டாம். உடம்பு நெருப்பிலோ சோதியிலோ கலந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நந்தனார் கதையும் அதுதானே?

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1987இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீரங்கத்து இராசகோபுரத்துக்கு நிதி தந்தவர்களில் இளையராஜாவும் ஒருவர். அதே இளையராஜா 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபத்துக்குள் போகாமல் வெளியே நின்று மரியாதை பெற்ற படக்காட்சியை நாடே பார்த்தது. அர்ச்சகர்கள், மடாதிபதிகள் போன்றோர் தவிர மற்றவர்கள் உள்ளே போவதில்லை, அதுதான் வழக்கம் என்று அறநிலையத் துறை விளக்கம் சொன்னது. தன் சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுத்ததில்லை, வந்த செய்திகள் வதந்தி என்று அவரும் மறுத்தார். அவர் சொன்னதை மதிப்போம். நம் கேள்வி அவரிடம் இல்லை. பாட்டும் பணமும் உள்ளே போவதற்குத் தடையாக நிற்காத வழக்கம், ஆள் போகும்போது மட்டும் ஏன் நினைவுக்கு வருகிறது என்று வழக்கத்தைத்தான் கேட்கிறோம்.

இந்தப் பின்னணியில்தான் 'எஞ்சாய் எஞ்சாமி'யைப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் அந்தப் பாட்டு வந்தபோது திருச்சியில் அதை ஒலிக்காத ஷேர் ஆட்டோ இல்லை. அரக்கோணத்துப் பிள்ளை அறிவு, தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாட்டு வந்தது என்று சொன்னார். வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, பிறகு இந்தியா திரும்பியவர். தோழர்களே, இந்தக் கதைக்கும் நம்ம ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து அனுப்ப, தோட்ட முதலாளிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்படுத்திய இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமை அலுவலகம் இருந்தது இந்தத் திருச்சிராப்பள்ளியில்தான். கங்காணிகள் கூட்டிப்போன சனத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். 1948இல் அவர்களின் குடியுரிமையை இலங்கை பறித்தது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. அந்தக் கணக்கில் அவர்கள் தலைகள், பேர்கள் இல்லை. பேரில்லாமல் போன அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பாட்டியின் பேரை எடுத்து உலகத்தைச் சொல்ல வைத்தார் பேரன்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் இரண்டு பாட்டுகளைக் கொண்டாடினார்கள். ஒன்று 'எஞ்சாய் எஞ்சாமி', இன்னொன்று 'சார்பட்டா பரம்பரை'யின் 'நீயே ஒளி'. அட்டையில் பாடகி தீயும், ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டுக்கும் வரி எழுதிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் இதை வெளிப்படையாகக் கேட்டார். கேள்வி பெரிதான பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அதே பாட்டு மேடையேறியது, அறிவு அங்கே இல்லை. அதன் பிறகு அறிவு இந்தப் பாட்டின் ஆக்கத்தில் தன் பங்கு என்ன என்று வெளிப்படையாக எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தீயும் அறிவின் பங்கைத் தாங்கள் மறைக்கவில்லை என்று தங்கள் தரப்பைச் சொன்னார்கள். 2024இல், இந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

இதை அறிவு கட்சி, சந்தோஷ் கட்சி என்று எரிந்த கட்சி எரியாத கட்சியாகப் பிரித்துச் சமூக வலைத்தளத்தில் சண்டை போட்டார்கள். யார் எவ்வளவு மெட்டுப் போட்டார் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் திறமையாளர்கள், அவரவர் தரப்பைச் சொல்லிவிட்டார்கள். நாம் பார்க்க வேண்டியது, பத்திரிகை அட்டையும் விழா மேடையும் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஆள் எப்படித் திரும்பத் திரும்ப விடுபட்டார் என்பதைத்தான். விட்டவர்களிடம் கேட்டால் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பாணரின் பேரை மறந்தவர்களுக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. சாதி எப்போதும் கோபத்தோடு வேலை செய்வதில்லை. பல சமயம் மறதியாக வேலை செய்கிறது. பாட்டு உள்ளே, பாட்டுக்காரர் வெளியே என்ற பழைய ஏற்பாடு, கோயில் போய் பத்திரிகை வந்தாலும் தானாகவே நடந்துவிடுகிறது.

ஆனால் பாணர் காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த முறை விடுபட்டவர் சோதியில் கலக்கவில்லை. எழுதிக் கேட்டார், பதில் வந்தது, மறுபடி பேசினார். 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று தன் ஆல்பத்துக்குப் பேர் வைத்தார். எம்.ஐ.ஏ. தந்தை பேரையும் தாய் பேரையும் வைத்தார் என்றேனே, இங்கே ஒரு பேரன் பாட்டியின் பேரை வைத்துத் தன்னை அறிவித்துக்கொள்கிறார். "எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன? இதற்கான மேடையை 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு போட்டுக் கொடுத்தது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஏறின. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து குழுவின் பேர் வந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் அவர்கள் பாடியதை, நாம் கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு பேர் கேட்டிருக்க மாட்டார்கள். மூத்த தோழர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இதைச் சொல்லிவிட்டு, ராப் என்றாலே முற்போக்கு என்று முடித்துவிட முடியாது. 'கிளப்புல மப்புல' என்ற பாட்டு வந்து இளைஞர் மத்தியில் பரவியபோது, குடிக்கிற பெண்ணைப் பார்த்துத் தமிழ்ப் பண்பாடு போச்சே என்று அது அழுதது. டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடக்கிற ஆணுக்காக அந்தப் பண்பாடு அழவில்லை. பெண்கள் அப்போதே இதைக் கேட்டார்கள். பெண்ணின் ஒழுக்கத்தைக் காவல் காக்கிற பண்பாடுதான் சாதியையும் காவல் காக்கிறது என்பதை அம்பேத்கர் 1916லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் காட்டிவிட்டார். அகமண முறைதான் சாதியின் உயிர். பெண்ணைப் பூட்டாமல் அகமணத்தைக் காப்பாற்ற முடியாது. ஒரு பாட்டு எந்தத் தாளத்தில் வந்தாலும் இந்தப் பூட்டுக்குச் சாவி செய்கிறதா, இன்னொரு பூட்டுப் போடுகிறதா என்று பாருங்கள்.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் ஆண்ட பரம்பரைப் பாட்டுகள் இப்போது ராப் தாளத்தில்தான் வருகின்றன. திருவிழாவில், கல்யாண ஊர்வலத்தில், பேருந்தில், பள்ளிப் பிள்ளைகளின் செல்போனில் அவை ஓடுகின்றன. பேரைச் சொல்கிறார்கள், ஊரைச் சொல்கிறார்கள், அரிவாளைச் சொல்கிறார்கள். பார்ப்பதற்கு நாம் பேசிய அதே வடிவம்தான். பிறகு எங்கே வித்தியாசம்? அந்தப் பாட்டில் வருகிற பேர் பாடுகிறவன் சம்பாதித்த பேர் இல்லை, பிறப்பால் ஒட்டிக்கொண்ட பேர். அவன் எதிராளியைப் பதிலுக்கு அழைக்கவும் இல்லை. எதிராளி வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டுகிறான். பதில் வந்தால் பாட்டு நின்று வெட்டு விழும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்டதையும், அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்ததையும் நாம் மறக்கவில்லை. கையில் கட்டுகிற சாதிக் கயிற்றைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது அந்தக் குழு. காதில் கட்டுகிற கயிறும் ஒன்று இருக்கிறது. அதைச் சட்டத்தால் அறுக்க முடியாது. இன்னொரு பாட்டால்தான் அறுக்க முடியும்.

அதனால், பாட்டுக் கட்டுகிற தம்பி தங்கைகளுக்கு மூன்று வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன்.

ஒன்று, ஒருவரை ஒருவர் தாராளமாகத் தாக்கிப் பாடுங்கள். ஆனால் அவன் எழுத்தைத் தாக்குங்கள், அவன் பொய்யைத் தாக்குங்கள், அவன் காப்பியடித்ததைத் தாக்குங்கள். அவன் அம்மாவையும் அக்காவையும் இழுக்காதீர்கள். 'சேரி', 'பறை', 'சக்கிலி' என்ற சொற்களை வசையாக்காதீர்கள். வசவு தீர்ந்துபோனவன்தான் சாதியைத் துணைக்குக் கூப்பிடுவான். அந்த இடத்தில் அவன் தோற்றுவிட்டான் என்று போட்டி நடத்துகிறவர்கள் மணி அடித்துவிட வேண்டும்.

இரண்டு, பேர் போடுங்கள். யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், யார் பீட் செய்தார், யார் பறை அடித்தார் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் போடுங்கள். என் கல்லூரி விழாவில் ஒரு நண்பன் எழுதிய பாட்டை வேறொருவன் பாடிப் பரிசு வாங்கினான். எழுதியவன் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கைதட்டினான். அவன் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. பேரை விடுவதால் பணம் போவது பாதி நட்டம். அந்த ஆள் அடுத்த பாட்டை எழுதாமல் போவது மீதி நட்டம். பாட்டை வெளியிடும் முன்பே யாருக்கு எவ்வளவு உரிமை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நட்பு கெடாமல் இருப்பதற்கும் அதுதான் வழி.

மூன்று, உங்கள் வீட்டுப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். நடவுப் பாட்டோ ஒப்பாரியோ தாலாட்டோ தெரியாத பாட்டி நம் தெருக்களில் இருக்க மாட்டார். செல்போனில் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவரையே பேர் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஊர், அவர் தெரு, அவர் செய்த வேலை எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். "நாட்டுப்புறப் பாடல்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். அதைப் பாடியவருக்குப் பேர் இருக்கிறது. பிறகு அதன் மேல் நீங்கள் எந்த பீட்டை வேண்டுமானாலும் ஏற்றுங்கள்.

இதே உறையூரிலிருந்து போன ஒரு பாட்டுக்காரரின் பேர் நமக்குக் கிடைக்கவில்லை. அதை இனி யாராலும் கண்டுபிடித்துத் தர முடியாது. இந்த அரங்கில் இருக்கிற ஒரு பேர்கூட அப்படித் தொலையாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதுகிறவர்கள் பேரையும் எழுதுங்கள். பதிலுக்கு நிற்கிறேன்.